இரும்பு அறுக்கும் யந்திரத்துக்குக் கால் முளைத்த கதை

ராயபுரம் ரெயில்வே ஸ்டேஷனின் தூண்களுக்கு எதிரில் நிற்கும்போது, 1856-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரெயில் வண்டி இங்கிருந்துதான் வாலாஜா ரோட்டை நோக்கிப் புறப்பட்டது என்ற விஷயம் நினைவுக்கு வராமல் இராது. அன்று வந்த இரும்பு வடசென்னையை விட்டு இன்று வரை போகவில்லை. 1948-ல் ஆரம்பமான அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிப் பெரிய லாரிகளுக்கும் பஸ்களுக்கும் பிறப்பிடமாயிற்று. அதே 1955-ல் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள்களைச் செய்யத் தொடங்கியது. இவற்றைப் பற்றியெல்லாம் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. புத்தகங்கள் கூட வந்திருக்கின்றன. நாம் இந்த வாரம் எழுதப் போவது ஒரு மேஜையைப் பற்றி.

மேஜை என்றால் எழுதும் மேஜையல்ல. காசிமேட்டு மீன்பிடி துறைமுகத்துக்குச் சற்றுப் பின்புறம், ஒரு சந்துக்குள், 10 அடி அகலமும் 15 அடி ஆழமும் உள்ள ஒரு பட்டறையில், இரும்பு அறுக்கும் யந்திரம் ஒன்றைத் தாங்கிக் கொண்டு நிற்கும் மேஜை அது. அதைச் செய்தவர் அந்தப் பட்டறையின் சொந்தக்காரர். படகு என்ஜின்களின் அச்சுகளும், வீட்டு ஜன்னல் கம்பிகளும், பள்ளிக்கூட பெஞ்சுக் கால்களும் அவரிடம் ஒரே வரிசையில் காத்துக் கிடக்கின்றன. பட்டறையில் உள்ளவர்கள் அவரை "மேஸ்திரி" என்று கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே சொல்லிக் கொள்வோம்.

யந்திரத்தை முதலில் அறிமுகப்படுத்திவிட வேண்டும். பட்டறைகளில் இதற்கு "பேண்ட் சா" என்று பெயர். நீண்ட எஃகுப் பட்டை ஒன்றின் ஓரத்தில் பல் வெட்டி, அதன் இரண்டு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி, இரண்டு சக்கரங்களின் மேல் மாட்டி ஓட விட்டால் அதுவே பேண்ட் சா. சாதாரண ரம்பம் முன்னே போய் அறுத்துவிட்டுப் பின்னே வரும்போது சும்மா வருகிறது. இதுவோ செக்கு மாடு மாதிரி ஒரே திசையில் சுற்றிக் கொண்டே அறுக்கிறது. இந்த யோசனை இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற் பத்து வருஷங்களிலேயே ஒருவருக்கு உதித்துவிட்டது. ஆனால் ஒட்டிய இடம் அடிக்கடி அறுந்து போனபடியால், பிரெஞ்சுக்காரர்கள் நல்ல ஒட்டு முறையைக் கண்டுபிடிக்கும் வரையில் அது காகிதத்திலேயே இருந்தது. முதலில் மரத்தை அறுத்தது. பிறகு இரும்பையும் அறுக்கக் கற்றுக் கொண்டது.

மேஸ்திரியிடம் இருப்பது அந்த ஜாதியில் மிகவும் சிறியது, விலையும் மலிவு. பெரிய தொழிற்சாலைகளில் உள்ள பேண்ட் சாவுக்கு லட்சக்கணக்கில் கொடுக்க வேண்டும். இது சில பதினாயிரங்களில் கிடைத்துவிடும். நாலரை அங்குலக் கனமுள்ள உருட்டுக் கம்பி வரையில் அறுக்கும். இதன் ரம்பம் 64½ அங்குல நீளம், அரை அங்குல அகலம். மோட்டாரும் சக்கரங்களும் ரம்பமும் பொருந்திய ஒரு கை, பின்புறத்துக் கீலில் மாட்டியிருக்கிறது. கம்பியை வைஸில் இறுக்கிவிட்டு, அந்தக் கையைக் கம்பியின் மேல் இறக்கினால் போதும். தன் பாரத்தினாலேயே மெதுவாக இறங்கி அறுத்து முடிக்கும். முடித்ததும் கை ஒரு ஸ்விட்சின் மேல் விழ, மோட்டார் தானே நின்றுவிடும். அதுவரை மனிதன் வேறு வேலை பார்க்கலாம். கல் வட்டு வைத்து அறுக்கும் கட்டிங் மெஷின் கூட வேகமாகத்தான் அறுக்கிறது. ஆனால் அதன் கூச்சல் தெருக் கோடி வரை கேட்கும். நெருப்புப் பொறி எதிர்வீட்டுத் திண்ணை வரை பறக்கும். பேண்ட் சாவோ பக்கத்துத் தொட்டிலில் குழந்தை தூங்கினாலும் எழுப்பாது என்று சொல்லலாம். கொஞ்சம் மிகைதான், கோழித் தூக்கம் தூங்கும் குழந்தை எழுந்துவிடும்.

இத்தனை குணங்கள் உள்ள யந்திரத்துக்கு ஒரே ஒரு தோஷம். அதன் கால்கள்.

மலிவு விலைக்குச் செய்பவர்கள் எங்கேயாவது மிச்சம் பிடிக்க வேண்டுமல்லவா? மோட்டாரில் பிடித்தால் யந்திரம் ஓடாது. ரம்பத்தில் பிடித்தால் அறுக்காது. காலில் பிடித்தால் கடையில் பார்க்கிறவருக்குத் தெரியாது. ஆகவே, பிஸ்கட் டப்பாவுக்கு அண்ணன் என்று சொல்லத்தக்க மெல்லிய தகட்டை மடித்து, நாலு மூலையிலும் சிறு போல்ட்டுகளால் முடுக்கி, "இதோ ஸ்டாண்டு" என்று கொடுத்துவிடுகிறார்கள். சுமார் 60 கிலோ யந்திரம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து கொள்கிறது.

நின்ற இடத்திலேயே நிற்கிற யந்திரமானால் சுவரோடு சேர்த்துக் கட்டிப் போட்டிருப்பார் மேஸ்திரி. ஆனால் கணக்கைப் பாருங்கள். பட்டறை 15 அடி. கடையிலிருந்து வரும் இரும்புக் கம்பி 6 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 20 அடி. கம்பியை உள்ளே கொண்டு போக முடியாது. யந்திரம்தான் வாசலுக்கு வர வேண்டும். காலையில் வாசலுக்கு வந்து, தெருவோரமாகக் கம்பியை நீட்டி அறுத்துவிட்டு, மீன் வண்டிகள் வரும் நேரத்தில் மறுபடியும் உள்ளே போய்விட வேண்டும். தினம் இரண்டு தடவையாவது இந்தப் பிரயாணம் உண்டு. தகட்டுக் கால்களை ஒருபுறம் மேஸ்திரியும் மறுபுறம் பட்டறை இளைஞனும் பிடித்துத் தரையில் இழுத்து இழுத்து, ஆறு மாதத்தில் போல்ட் துளைகளெல்லாம் வாயைப் பிளந்துவிட்டன.

பிறகு ஒரு நாள் அது நடந்தது. அறுத்த துண்டை எடுப்பதற்காக யந்திரத்தின் கையை நேராகத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். இளைஞன், ஐ.டி.ஐ. படித்துவிட்டு வந்து சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை, கீழே குனிந்து இரும்புச் சீவலைக் கூட்டிக் கொண்டிருந்தான். விளக்குமாற்றின் பிடி ஸ்டாண்டில் இடித்ததோ, அவனுடைய தோள்தான் பட்டதோ, தெரியவில்லை. யந்திரம் ஒரு முறை ஆடி, கீல் இருந்த பக்கமாகச் சாய்ந்தது. பின்னால் சுவர் இருந்தது. அதன் மேல் மோதி நின்றது. ரம்பம் இரண்டாக முறிந்து தெறித்தது. இளைஞனின் பாதத்துக்கும் யந்திரத்தின் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை.

"அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல சார்" என்றார் மேஸ்திரி. "அவங்க அம்மா தெனம் வாசல்ல வந்து எனக்கும் சேத்துச் சோறு குடுத்துட்டுப் போவாங்க. அவங்க மூஞ்சிய எப்பிடிப் பாக்கறதுன்னு இருந்துச்சு."

மறு நாள் முதல் யந்திரம் எங்கேயும் நகரவில்லை. புதுக் கால் செய்வது என்று தீர்மானமாயிற்று.

யந்திரம் ஏன் சாய்ந்தது என்பதைத்தான் மேஸ்திரி முதலில் யோசித்தார். இது நமக்கு மிகவும் பிடித்திருந்தது. தடியான இரும்பை வாங்கிப் பழைய ஸ்டாண்டு மாதிரியே இன்னொன்று செய்துவிடுவது சுலபம். ஆனால் அதுவும் ஒரு நாள் அதே பக்கமாகச் சாய்ந்திருக்கும். கை படுத்திருக்கும்போது யந்திரத்தின் பாரம் நடுவில் இருக்கிறது. கையைத் தூக்கி நிறுத்தினால் மோட்டாரின் பாரமும் சக்கரங்களின் பாரமும் கீல் பக்கம் போய், உயரத்திலும் ஏறிவிடுகிறது. பழைய கால்களோ அந்தப் பக்கத்தில் யந்திரத்தின் விளிம்புக்கு உள்ளேயே முடிந்துவிட்டன. தலையில் குடத்தை வைத்துக் கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது போலத்தான். எனவே புதிய ஸ்டாண்டின் அடிப்பாகம் மேற்பாகத்தை விட நீளமாக இருக்க வேண்டும். அந்த அதிக நீளம் கீல் பக்கத்தில் வர வேண்டும். பாரம் கூடிய மட்டும் கீழே இருக்க வேண்டும்.

அடுத்தது கால்களின் எண்ணிக்கை. இதில் ஒரு பெரிய தர்க்கமே இருக்கிறது. நம் பாட்டிமார் மூன்று கல்லைக் கூட்டித்தான் அடுப்பு மூட்டினார்கள். நாலு கல் வைக்கவில்லை. தரை எவ்வளவு மேடு பள்ளமாக இருந்தாலும் மூன்று கல்லின் மேல் வைத்த பானை ஆடாது. முக்காலியும் அப்படியே. நாற்காலிக்குத்தான் ஒரு காலின் கீழே காகிதத்தை மடித்துச் செருக வேண்டியிருக்கிறது. ஆனால் முக்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அதன் மறுபக்கம் தெரியும். ஆடாமல் நிற்கும், அதே சமயம் சட்டென்று கவிழ்ந்தும் விடும். ஆடாமலும் இருக்க வேண்டும், கவிழாமலும் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? மேஸ்திரி நாலு கால்களை வைத்தார். மூன்றை நிலையாகப் பற்றவைத்தார். நாலாவது காலின் அடியில் 12 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றைப் பொருத்தித் திருகி ஏற்றவும் இறக்கவும் வசதி செய்தார். ஒரே பொருள் முக்காலியும் ஆயிற்று, நாற்காலியும் ஆயிற்று.

சக்கரத்தில்தான் அவர் முதலில் ஏமாந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போடுவது போல நாலு மூலையிலும் திரும்பும் சக்கரங்களை வாங்கி மாட்டிவிட்டார். பிரேக் கூட இருந்தது. நகர்த்துவதற்குப் பரம சுகம். ஆனால் அறுக்க ஆரம்பித்ததும் யந்திரம் நடுங்கியது. ஒவ்வொரு சக்கரத்திலும் நூலிழை அளவு ஆட்டம் இருந்தாலும் நாலும் சேரும்போது அது பெரிய ஆட்டம். சந்தின் தரையோ மழைத் தண்ணீர் வடிவதற்காகத் தெருப் பக்கம் சரிந்தது. ஒரு கம்பியை வைஸில் தள்ளிய வேகத்தில் பிரேக்கோடு சேர்ந்து யந்திரமே அரை அடி தள்ளிப் போயிற்று. அந்த நாலு சக்கரங்களும் இப்போது ஒரு தண்ணீர் டிரம்முக்கு அடியில் உத்தியோகம் பார்க்கின்றன.

இரண்டாவது முறை அவர் தள்ளுவண்டியை நினைத்துக் கொண்டார். கீல் பக்கத்தில், கால்களுக்கும் வெளியே, திரும்பாத இரண்டு சக்கரங்கள் மாத்திரம். அவையும் தரையைத் தொடாமல் 3 மில்லிமீட்டர் உயரத்தில் தொங்குகின்றன. எதிர்ப் பக்கத்தில் குழாயினால் செய்த கைப்பிடி. யந்திரம் நிற்கும்போது சக்கரங்களுக்கு வேலையே இல்லை. நாலு இரும்புக் கால்களும் தரையில் ஊன்றியிருக்கும். கைப்பிடியைச் சற்றுத் தூக்கினால் பின்புறம் சாய்ந்து சக்கரங்கள் தரையைத் தொடுகின்றன; கால்கள் எழும்புகின்றன; யந்திரம் உருள்கிறது. பாரம் பெரும்பாலும் சக்கரத்தின் பக்கமே இருப்பதால் ஒரே ஆள் தூக்கித் தள்ளிவிடலாம். ரப்பர் சக்கரம் வேண்டாம் என்று நைலான் சக்கரமாகப் போட்டிருக்கிறார். ரப்பரில் இரும்புச் சீவல் ஆணி போல் ஏறிக் கொள்ளுமாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: யந்திரத்தின் கை நிமிர்ந்திருக்கும்போது கைப்பிடியைத் தொடவே கூடாது. கையைப் படுக்க வைத்து, முளையைச் செருகிப் பூட்டிய பிறகுதான் பிரயாணம். முளையை ஒரு சங்கிலியில் கட்டிக் கைப்பிடியிலேயே தொங்க விட்டிருக்கிறார். மறந்தாலும் கண்ணில் படும்.

இரும்பு செம்புதாஸ் தெருவிலிருந்து வந்தது. 50 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள ஆங்கிள். மீட்டருக்கு நாலரைக் கிலோ நிறை. அடிச் சட்டம் 1 மீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். மேற் சட்டம் 80-க்கு 40. கால் ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர். கூட்டிப் பார்த்தால் 7 மீட்டர் 70 சென்டிமீட்டர் வரும். கடைக்காரர் 6 மீட்டருக்குக் குறைந்து வெட்டித் தர மறுத்தபடியால், ஒரு முழு ஆங்கிளும், மீதிக்குப் பட்டறையில் கிடந்த பழைய துண்டுகளும் சேர்ந்தன. சட்டத்தின் நிறை மட்டும் சுமார் 35 கிலோ. யந்திரத்தின் பாரத்தில் பாதிக்கும் மேல்! கால் இவ்வளவு கனமாக இருக்கலாமா என்று நம்முடன் வந்த சித்திரக்காரர் கேட்டார். கனமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கனமாக இருக்கிறது என்று மேஸ்திரி பதில் சொன்னதும் அவர் பேசாமல் படம் வரையத் தொடங்கிவிட்டார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஆங்கிள்களை அறுத்ததும் அதே யந்திரம்தான். ஆட்டம் கண்ட பழைய கால்களின் மேல், கீல் பக்கம் ஒரு கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தி, தனக்குரிய புதிய கால்களைத் தானே அறுத்துக் கொண்டது.

பற்றவைப்பில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. ஒரு மூலையை முழுவதும் பற்றவைத்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் சட்டம் கோணிப் போகும். ஆறும்போது இரும்பு சுருங்கி இழுக்கும். அதனால் முதலில் நாலு மூலையிலும் பொட்டு வைத்தாற் போல ஒரு சிறு பற்று. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளக்க வேண்டும். இரண்டு குறுக்களவும் சமமாக இருந்தால்தான் சட்டம் சதுரம். மேஸ்திரியின் சட்டத்தில் முதல் தடவை 4 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. நீளமான மூலையில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிச் சரி செய்தார். அதன் பிறகே எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றி முழுப் பற்றவைப்பு. கால்களுக்கு நடுவே மூன்று பக்கங்களில் குறுக்குச் சட்டம் கொடுத்து முக்கோணமாக்கினார். நாலு பக்கச் சட்டத்தைத் தள்ளினால் சாயும். முக்கோணத்தைத் தள்ளினால் சாயாது. துறைமுகத்தின் பாரந்தூக்கிகளைப் பார்த்தால் கீழிருந்து மேல் வரை முக்கோணங்களாகவே கட்டியிருப்பது தெரியும். முன் பக்கத்தை மட்டும் திறந்து விட்டார். அடித்தட்டில் இரும்புத் துண்டுகளைப் போட்டு எடுக்க வேண்டுமே. கழிவுத் துண்டுகள் சேரச் சேரப் பாரம் கீழே இறங்குகிறது. ஸ்டாண்டு மேலும் ஸ்திரமாகிறது. கடற்காற்று உப்புக் காற்று. ஆகவே உட்புறம் வெளிப்புறம் எல்லாம் இரண்டு முறை ரெட் ஆக்சைடு பூசி, அதன் மேல் பச்சை வர்ணம் அடித்திருக்கிறார்.

இனி ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். புதுக் கால் வந்ததும் யந்திரம் கோணாமல் அறுக்கத் தொடங்கிவிட்டது என்று எழுத நமக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது அப்படியல்ல. கோணலாக அறுப்பதற்கு ரம்பத்தின் தளர்ச்சி காரணமாக இருக்கலாம். ரம்பத்தை இருபுறமும் பிடித்து நடத்தும் சிறு உருளைகள் தேய்ந்திருக்கலாம். வைஸ் நேராக இல்லாமல் இருக்கலாம். மெல்லிய தகட்டைப் பெரிய பல் ரம்பத்தால் அறுத்தாலும் தொல்லைதான். எந்த நேரமும் மூன்று பல்லாவது இரும்பின் மேல் படிந்திருக்க வேண்டும் என்பது பட்டறைச் சட்டம். இவற்றுக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை. புதுக் காலினால் என்ன லாபம் என்றால், நடுக்கம் குறைந்தது. நடுக்கத்தினால் ரம்பப் பல் உதிர்வதும் குறைந்தது. ரசமட்டத்தை வைத்து ஒரு முறை சரி செய்த வைஸ் அப்படியே நிற்கிறது. முன்பெல்லாம் எது தவறு என்றே கண்டுபிடிக்க முடியாது. ஆடுகிற யந்திரத்தில் எல்லாமே தவறாகத் தெரியும்.

நாம் போயிருந்த அன்று 50 மில்லிமீட்டர் உருட்டுக் கம்பி ஒன்று வந்திறங்கியது. ஏதோ ஒரு படகின் அச்சுக்கு. 6 மீட்டர் நீளத்தில் அதன் நிறை சுமார் 92 கிலோ. அதாவது யந்திரத்தை விடக் கம்பி கனம். இதை வைஸில் ஒரு முனையில் மட்டும் கடிக்க விட்டுவிட்டு மறு முனையை அந்தரத்தில் விட்டால் எந்தக் காலும் தாங்காது. அதற்கென்று குழாய்த் துண்டை உருளையாகப் பொருத்திய தனித் தாங்கி ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார். இளைஞன் முளையைச் செருகினான். மின்சாரக் கம்பியைச் சுருட்டிக் கொக்கியில் மாட்டினான்; முன்பு ஒரு தடவை அதன் மேலேயே சக்கரத்தை ஏற்றிவிட்டானாம். கைப்பிடியைத் தூக்கி யந்திரத்தை வாசலுக்குத் தள்ளிக் கொண்டு வந்தான். தரையில் நாலு வெள்ளைக் குறிகள் இருந்தன. கால்களை அவற்றின் மேல் இறக்கிவிட்டு, நாலாவது காலின் போல்ட்டை ஒன்றரைச் சுற்றுத் திருகினான்.

"ஒன்றரைதானா?" என்று கேட்டோம்.

"உள்ள நிக்கறப்ப இருக்கற எடத்துலேருந்து ஒன்ற சார். மேஸ்திரி எண்ணி வெச்சிருக்கார்" என்றான்.

பெல்ட்டை மிகவும் மெதுவான வேகத்துக்கு மாற்றினார்கள். கனமான எஃகுக்கு அதுதான். ரம்பம் இறங்கியது. மேஸ்திரி டீ சொல்லி அனுப்பினார். டீ வந்தது, நாம் குடித்தோம், சித்திரக்காரர் இரண்டாவது படத்தையும் முடித்தார். துண்டு "டங்" என்று விழுந்தது, யந்திரம் தானே நின்றது. அறுத்த முகத்தின் மேல் மேஸ்திரி மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்த அளவைக் குறிக்கப் போய்விட்டார்.

கைப்பிடி மட்டும் இன்னும் அவருக்குத் திருப்தியாக இல்லை. யந்திரம் உள்ளே இருக்கும்போது அது நடைபாதையில் ஒரு முழம் நீட்டிக் கொண்டிருக்கிறது. இரண்டு தடவை அவர் முழங்காலிலேயே இடித்துவிட்டது. கீல் வைத்து மடக்கும்படி செய்யப் போகிறாராம். அதற்கு வேண்டிய குழாயை அன்று மத்தியானமே அறுத்து வைத்துவிட்டார்.